கடலுக்குள் ஒரு கொதிபானை!



எங்கள் ஊர் வடக்குப்பட்டு, ஒரகடம் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெரிய கன்டெய்னர் லாரி போனால், அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள் 'கிணுகிணு'வென்று ஆடும். எட்டிப் பார்க்காமலே, 'லாரி போகிறது' என்று சொல்லிவிடலாம். கடலுக்குள் இருக்கும் எரிமலையையும் விஞ்ஞானிகள் ஏறக்குறைய இப்படித்தான் கண்காணிக்கிறார்கள்.

நம் நாட்டில் எரிமலை இருக்கிறதா? இருக்கிறது! அந்தமானில், இப்போது ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கி.மீ. தொலைவில் உள்ளது பாரன் தீவு. கடலுக்கு மேலே தெரிவது சுமார் 350 மீட்டர் உயரம்தான். நீருக்குள் இருப்பதோ 2 கி.மீ.க்கும் அதிகம். அடேயப்பா!

தீவின் நடுவே சுமார் 2 கி.மீ. அகலத்துக்கு ஒரு பெரும்பள்ளம். இப்படிப்பட்ட பள்ளத்துக்கு 'கால்டெரா' என்று பெயர். பூமிக்கடியிலுள்ள கற்குழம்பு வெளியே கொட்டியதும், மேற்கூரை தாங்காமல் உள்ளே சரிவதால் பெரும்பாலான கால்டெராக்கள் உண்டாகின்றன.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் தூங்கிய இந்த எரிமலை, 1991ல் விழித்தது. 2017 ஜனவரி 23ம் தேதி, கோவாவிலுள்ள தேசிய கடலாய்வு நிறுவன விஞ்ஞானிகள் அந்தப் பக்கம் கப்பலில் போனபோது, திடீரென்று சாம்பலைக் கக்கியது. சுமார் ஒரு மைல் தள்ளி நின்று கவனித்தார்கள். பகலில் சாம்பல் புகை; இருட்டியதும் செக்கச்செவேலென்று நெருப்புக் குழம்பு! 2025 செப்டம்பரிலும் அது சீறியது.

ஆள் இல்லாத தீவுக்கு யார் காவல்? செயற்கைக்கோள்கள் வானிலிருந்து அதன் வெப்பத்தைப் பார்க்கின்றன. சாம்பல் பரவினால், ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரிலுள்ள மையம் விமானங்களுக்குத் தகவல் தருகிறது. கற்குழம்பு மேலேறும்போது பாறைகள் விரிசல் விடும், நிலம் அதிரும். அதை நிலநடுக்கமானி பதிவு செய்யும்.

'டம்ளர் ஆடுவதை மட்டும் கவனித்தால் போதாதா?' என்று கேட்பீர்கள். போதாது.

இந்தோனேசியாவில் 1883ல் கிரகடோவா எரிமலை வெடித்து, 36,000 பேருக்கு மேல் இறந்தனர். தீவின் பெரும்பகுதி கடலில் மூழ்கி கால்டெரா ஆனது. அங்கேயே 1927ல் ஒரு குட்டி எரிமலை முளைக்கத் தொடங்கியது. பெயர் அனாக் கிரகடோவா. 'கிரகடோவாவின் பிள்ளை' என்று பொருள். 2018 டிசம்பர் 22 இரவு, அந்தப் பிள்ளையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. சுனாமி எழுந்து 400 பேருக்கு மேல் பலியானார்கள். அங்கிருந்த எச்சரிக்கை ஏற்பாடு பெரிய நிலநடுக்கத்தை எதிர்பார்த்து அமைக்கப்பட்டது. அன்று அப்படி எதுவும் வரவில்லை. எனவே முன்னெச்சரிக்கையும் வரவில்லை!

அதனால்தான் அதிர்வு, வெப்பம், மலைச்சரிவு, கடல்மட்டம் எல்லாவற்றையும் சேர்த்துக் கவனிக்க வேண்டியிருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, 2007 முதல் ஐதராபாத்தில் நமக்கென்று ஒரு சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது.

கடற்கரைக்குப் போகும்போது நீங்களும் ஒன்றை மறக்காதீர்கள். கடல் திடீரென்று உள்வாங்கினால், சிப்பி பொறுக்க ஓடாதீர்கள். மேட்டை நோக்கி ஓடுங்கள். எச்சரிக்கை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்!