ஆர்டர் கொடுத்துச் செய்த சரக்கு மாறி வந்தால்...

தீபாவளிக்கு முன் இனிப்புக் கடைக்காரர் ஒருவர் சிவகாசி அச்சகத்தில் அரைக் கிலோ அட்டைப் பெட்டி 5,000 ஆர்டர் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 350 ஜி.எஸ்.எம். அட்டை, கடைப்பெயருடன் என்பது பேச்சு. வந்து இறங்கியதோ 250 ஜி.எஸ்.எம். கேட்டால், "உங்கள் பெயரை அச்சடித்துவிட்டோமே, இனி இதை யாரிடம் விற்பது?" என்கிறார் அச்சகத்தார். இந்தப் பேச்சுக்கு மடங்கி, மனத்தாங்கலோடு பில்லைப் பைசல் செய்பவர்கள் நம்மில் உண்டு. அதற்கு அவசியமில்லை.

1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, விவரம் சொல்லி வாங்கும் சரக்கு அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். சாம்பிளும் காட்டியிருந்தால் இரண்டுக்குமே ஒத்திருக்க வேண்டும். இது நிபந்தனை; மீறினால் சரக்கை மறுத்து, கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கலாம். பெயர் அச்சான பெட்டி வேறெங்கும் விலைபோகாது என்பது செய்தவர் கவலை. வேறுவிதமாகப் பேசியிருந்தாலன்றி, திருப்பி அனுப்பும் லாரி வாடகையும் நம் தலையில் விழாது. ஏற்கவில்லை என்று தெரிவித்தாலே போதும் என்கிறது 43ஆம் பிரிவு.

ஆனால், விவரத்தை யார் வகுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 250 ஜி.எஸ்.எம். போதும் என்று நாமே எழுதிக் கொடுத்து, பெட்டி தொய்ந்தால் அச்சகத்தாரைக் குறை சொல்ல முடியாது. "அரைக் கிலோ மைசூர்பாகு தாங்க வேண்டும்" என்று தேவையைச் சொல்லி, அட்டையை அவர் அனுபவத்துக்கு விட்டிருந்தால், 16ஆம் பிரிவு நம் பக்கம் நிற்கும்.

மறுக்கும் உரிமை வெகு சீக்கிரம் கைநழுவுவது. லாரி ரசீதில் கையெழுத்திட்டதால் மட்டும் அது போய்விடாது. பிரித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பு உண்டு. ஆனால் பெட்டியில் இனிப்பை அடுக்கி விற்கத் தொடங்கினாலோ, ஒன்றும் சொல்லாமல் நாள் கடத்தினாலோ ஏற்றதாகவே 42ஆம் பிரிவு கொள்ளும். பிரிக்க முடியாத ஒரே ஒப்பந்தமானால், ஒரு பகுதியை ஏற்றாலும் இதே கதிதான். ஆகவே சில கட்டுகளைப் பிரித்து எடை, அளவு பார்த்து, அன்றே எழுத்தில் மறுப்புத் தெரிவித்து, அனுப்பிய அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள்.

பண்டிகை நெருக்கடியில் வேறு வழியின்றி அதே பெட்டியைப் பயன்படுத்த நேர்ந்தாலும் எல்லாம் போய்விடவில்லை. 59ஆம் பிரிவுப்படி குறைபாட்டுக்கேற்ப விலையைக் குறைக்கக் கோரலாம், நஷ்டஈடும் கேட்கலாம். வியாபாரம் கெட்ட நஷ்டத்தை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவில் கோருவதானால், பெட்டி தீபாவளிக்கு வேண்டியது என்பது ஆர்டரின்போதே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆர்டர் கடிதத்தில் ஒரு வரி சேர்ப்பதில் என்ன சிரமம்?

நுகர்வோர் மன்றத்தை அவ்வளவாக நம்ப வேண்டாம். 2019ஆம் ஆண்டுச் சட்டம், வியாபார நோக்கத்துக்கு வாங்குபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை; சுயதொழிலால் பிழைப்பவர்க்கே விலக்கு. நமக்கு உரிமையியல் நீதிமன்றம்தான். மூன்று லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள வணிக வழக்கில், அவசர நிவாரணம் கேட்டாலன்றி, முதலில் சமரசப் பேச்சுக்கு மனுச் செய்தாக வேண்டும். வழக்கிடக் காலக்கெடு மூன்று ஆண்டுகள்.