லாரி நிற்கும் நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது?

கள்ளக்குறிச்சி வட்டாரத்து நவீன அரிசி ஆலை ஒன்றிலிருந்து சென்னைக்குப் பத்து டன் அரிசி புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 26 கிலோ சிப்பங்களாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 385 சிப்பம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தபிறகு, பல ஆலைகள் ஒரு கிலோ கூட்டிச் சிப்பம் கட்டத் தொடங்கின. அந்தக் கூடுதல் கிலோவையும் சேர்த்துத்தான் லோடுமேன் தலையில் தூக்குகிறார். நான்கு பேர் ஏற்றினால் ஆளுக்குத் தொண்ணூற்றாறு நடை. நடைக்கு ஒன்றரை நிமிடம் என்றாலும் இரண்டரை மணி நேரத்தை நெருங்கிவிடும். அட்டி அடுக்கி, தார்ப்பாய் போட்டு, கயிறு இறுக்கி, எடை மேடைக்குப் போய், இ-வே பில் கைக்கு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது.

அதன்பிறகு சாலை. உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னை சுமார் 240 கிலோமீட்டர். இரவில் ஆறேழு மணி நேர ஓட்டம். விடியற்காலையில் நகர எல்லையைத் தொட்டுவிடலாம். ஆனால் கடை திறப்பது ஒன்பது, பத்து மணிக்கு. அந்த நேரத்தில் பெரிய லாரிகளுக்கு முக்கியச் சாலைகளில் கட்டுப்பாடு. லாரி எங்கோ ஓரங்கட்டி நிற்கிறது. அனுமதி கிடைத்து உள்ளே போனால் கடை வாசலில் இடமில்லை. இறக்க ஆளில்லை. முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார். ஓடியது ஏழு மணி நேரம் என்றால், நின்றது அதைவிட இரண்டு மடங்கு.

சரக்குப் போக்குவரத்தின் வேகத்தைக் கூட்டுவது என்றாலே நம் மனதில் அகலமான சாலையும் புதிய மேம்பாலமும்தான் வருகின்றன. அவையும் தேவைதான். உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலை நான்குவழியானபோது கள்ளக்குறிச்சி, தியாகதுருகம், சின்னசேலம் புறவழிச்சாலைகள் மட்டும் இருவழியாகவே போடப்பட்டன. அதன் விலையை விபத்துகளில் இந்தப் பகுதி மக்கள் கொடுத்தார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்டன. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் மாடூர் போன்ற சுங்கச்சாவடிகளில் சில்லறைக்காக நிற்பது குறைந்தது. இப்படி நெடுஞ்சாலையில் மிச்சம் பிடித்த நிமிடங்களையெல்லாம் ஏற்றும் இடமும் இறக்கும் இடமும் விழுங்கிவிடுகின்றன.

லாரிகளை எப்படி அனுப்பினால் செலவு குறையும் என்பது பழைய கணக்கு. 1959-இல் ஜார்ஜ் டான்ட்ஸிக், ஜான் ராம்சர் என்ற இருவர், ஓர் எண்ணெய்க் கிடங்கிலிருந்து பல பெட்ரோல் பங்குகளுக்கு டேங்கர்களை எந்த வழியில், எந்த வரிசையில் அனுப்புவது என்று கணக்குப் போட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். சரக்கு விநியோக மென்பொருள்களின் வம்சாவளி அங்கிருந்துதான் வருகிறது. அவர்கள் குறைக்கப் பார்த்தது தூரத்தை. நம் ஊர்ச் சிக்கலோ தூரத்தில் இல்லை, காத்திருப்பில் இருக்கிறது. காத்திருப்பை உண்டாக்குபவர் ஒருவர், அதற்கு விலை கொடுப்பவர் வேறொருவர்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அரவைக் காலத்தில் ஒரு சர்க்கரை ஆலை வாசலுக்குப் போனால் போதும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இரண்டு கூட்டுறவு ஆலைகள் உண்டு. ஆலை வெட்டு உத்தரவு கொடுக்கும், விவசாயி ஆள் பிடித்துக் கரும்பை வெட்டுவார், டிராக்டரோ லாரியோ ஏற்றிக்கொண்டு ஆலைக்கு வரும். உள்ளே ஓர் இயந்திரம் பழுதானாலோ, ஒரே நாளில் பலருக்கு உத்தரவு போயிருந்தாலோ வெளியே வரிசை நீளும். வெட்டிய கரும்பு காத்திருக்காது. ஒருபுறம் நீர் வற்றி எடை இறங்கும். மறுபுறம் அதிலுள்ள சுக்ரோஸ் உடைந்து சர்க்கரைக் கட்டுமானம் குறையும். 24 மணி நேரத்துக்குள் அரைப்பது நல்லது என்பார்கள். கரும்பை எடை போடுவது வயலில் அல்ல, ஆலையின் எடை மேடையில். ஆகவே வரிசையில் காய்ந்த எடை விவசாயியின் கணக்கில் கழிகிறது, வரிசையில் நின்ற நாள் வண்டிக்காரரின் கணக்கில் கழிகிறது.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் மரவள்ளிக்கும் இதே கதிதான். ஜவ்வரிசி ஆலைகள் கிழங்குக்கு விலை போடுவது மாவுச்சத்தின் ‘பாயிண்ட்’ கணக்கில். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கருக்கத் தொடங்கிவிடும். காட்டிலிருந்து தார்ச்சாலைக்குக் கிழங்கு வந்துசேரும்வரை லாரி நிற்கிறது, லாரி வரும்வரை சில நாள் கிழங்கு கிடக்கிறது. இரண்டில் எது நடந்தாலும் இழப்பு மலையில் இருப்பவருக்கே.

நகரத்துக் கடைத்தெருவில் இது கொஞ்சம் மறைவாக நடக்கிறது. லாரித் தொழிலில் ‘ஹால்டிங்’ என்ற சொல்லைத் தெரியாதவர் இல்லை. வண்டியை நிறுத்திவைத்ததற்கான காசு அது. பேச்சில் இருக்கும் அளவுக்குக் கையில் வருவதில்லை. ஏற்றுகூலி, இறக்குகூலியைச் சரக்குக்கு உரியவரே தர வேண்டும் என்று தமிழ்நாடு மாநில லாரி உரிமையாளர்கள் சம்மேளனம் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. நியாயமான கோரிக்கை. நிறுத்திவைக்கும் நேரத்துக்கும் அதே நியாயம் பொருந்தும்.

நியூயார்க்கில் இந்த முடிச்சை ஒருவர் சரியான இடத்தில் பிடித்தார். ரென்சிலர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோசே ஓல்கின்-வெராஸ், 2009–10-இல் மன்ஹாட்டன் பகுதியில் சரக்கு இறக்குவதை இரவுக்கு மாற்றிப் பார்த்தார். லாரிக்காரர்களை வற்புறுத்திப் பயனில்லை என்பது அவர் வாதம். நேரத்தைத் தீர்மானிப்பவர் சரக்கு வாங்குபவர்தானே? அதனால் ஊக்கத்தொகை கடைக்காரருக்குப் போனது. பகலில் ஒரு கடைக்குச் சுமார் நூறு நிமிடம் பிடித்த வேலை இரவில் முப்பது நிமிடத்தில் முடிந்தது. சில கடைகள் ஓட்டுநரிடம் சாவியையே கொடுத்துவைத்தன.

தமிழ்நாட்டுக்கும் சொந்த அனுபவம் உண்டு. சென்னை ஜார்ஜ் டவுனின் கொத்தவால் சாவடிச் சந்துகளில் லாரிகள் திணறியதால், காய்கறி மொத்த வணிகம் 1996-இல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. 295 ஏக்கரில் சி.எம்.டி.ஏ. கட்டிய அந்த வளாகத்தில் லாரிகள் இரவில் வருகின்றன, விடிவதற்குள் சில்லறை வியாபாரிகள் எடுத்துப்போகிறார்கள். வாங்குபவரே நடுநிசியில் விழித்திருப்பதால் அங்கே இரவு இறக்கம் சாத்தியமாகிறது. பிறகு 2005-இல் டாடா ஏஸ் வந்தது. ‘குட்டி யானை’ என்று ஊர் பெயர் வைத்த அந்தச் சிறு வண்டி, பெரிய லாரி நுழைய முடியாத தெருவுக்குள்ளும் போய் இறக்கியது. ஒரு லாரிச் சரக்குக்குப் பத்துக்கு மேற்பட்ட குட்டி யானைகள் வேண்டும் என்பதால், எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிடுவதும் தீர்வாகாது.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று தமிழ்நாட்டின் 34-ஆவது மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகமும் புதிய கடைகளும் வந்தன, நகரின் நான்குமுனைச் சந்திப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. துருகம் சாலை, சேலம் சாலை, கச்சிராயபாளையம் சாலை வண்டிகளெல்லாம் அங்கேதான் முட்டிக்கொள்கின்றன. இந்த அளவு ஊருக்குப் பெரிய திட்டம் தேவையில்லை. கடைத்தெருவில் சில இடங்களைச் சரக்கு இறக்க மட்டும் என்று வண்ணம் அடித்து ஒதுக்கலாம். பெரிய லாரிகளுக்கு விடியற்காலை ஐந்து முதல் எட்டு வரை நேரம் கொடுக்கலாம். பல கடைகள் சேர்ந்து அந்த நேரத்தில் சரக்கை எண்ணி வாங்க ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம். லோடுமேன்களுக்கு அந்த வேளைக்குக் கூடுதல் கூலி தர வேண்டும். அவர்கள் தூக்கத்தைப் பறித்து வியாபாரிகள் மிச்சம் பிடிப்பது எந்த வகையிலும் சரியல்ல. சர்க்கரை ஆலைகள் வெட்டு உத்தரவில் தேதியோடு வர வேண்டிய நேரத்தையும் போட்டு, அரவை நின்றால் உடனே செல்போனில் தகவல் சொல்லலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. இறக்குமிடத்துக்கு வண்டி வந்த நேரம், இறக்கி முடித்த நேரம் இரண்டையும் லாரி ரசீதில் எழுதி, சரக்கு வாங்குபவர் அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். இப்போது பல ரசீதுகளில் சரக்கு, எடை, வாடகை மட்டுமே இருக்கின்றன. நின்ற நேரத்துக்குச் சாட்சி ஓட்டுநரின் வாய்ச்சொல்தான். அந்த இரண்டு நேரங்களும் எழுத்தில் இருந்தால், மாதக் கடைசியில் ஹால்டிங் கேட்டு உட்காரும் லாரி உரிமையாளர் எந்தக் கடைக்கு எத்தனை மணி நேரம் என்று காகிதத்தைக் காட்டிப் பேசலாம்.