சோம்பு மணக்கும் சாசேஜ்

ஊர் ருசி, உலக ருசி – 14

சென்ற வாரம் கொல்லிமலை மிளகைப் பார்த்தோம். மலையை விட்டு இறங்கினால் தம்மம்பட்டி. மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். ஞாயிற்றுக்கிழமை காலை இந்தப் பக்கத்து வெண்பன்றிக் கறிக்கடைக்குப் போனால், “கொழுப்போட போடட்டுங்களா, தனிக்கறியா போடட்டுங்களா?” என்று கேட்பார்கள். ருசி, சத்து இரண்டுமே இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன. இத்தாலியன் சாசேஜ் சாண்ட்விச்சுக்கும் அப்படித்தான்.

சாண்ட்விச் என்ன, எப்படிச் செய்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். பன்றியின் தோள்பட்டைக் கறியைக் கொழுப்போடு சேர்த்துக் கொத்தி அரைக்கிறார்கள். உப்பு, மிளகு, பூண்டு, காய்ந்த மிளகாய் சேர்க்கிறார்கள். இதற்குத் தனி மணம் தருவது நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் சோம்பு. கலவையைச் சுத்தம் செய்த குடலில் அடைத்து, தோல் வெடிக்காமல் இளந்தீயில் புரட்டிப் புரட்டி வேகவைக்கிறார்கள். நீளமான ரொட்டியைப் பிளந்து சாசேஜை உள்ளே வைத்து, வதக்கிய வெங்காயத்தையும் குடைமிளகாயையும் மேலே போட்டால் சாண்ட்விச் தயார்.

தெற்கு இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்கள் கொண்டுபோன பண்டம் இது. நியூயார்க் மல்பெரி தெருவில் 1926 முதல் செப்டம்பர் மாதம் நடந்துவரும் புனித ஜெனாரோ திருவிழாவில் இன்றும் இதற்குக் கூட்டம் கூடுகிறது. இத்தாலியன் சாசேஜ் என்று பெயர் போட்டு விற்க அமெரிக்க அரசு விதியே வைத்திருக்கிறது. இறைச்சியோ, இறைச்சியும் கொழுப்பும் சேர்ந்தோ 85 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், கொழுப்பு 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சோம்போ அதன் குடும்பத்தைச் சேர்ந்த அனீஸோ கட்டாயம் சேர்க்க வேண்டும்.

சோம்பில் அப்படி என்ன இருக்கிறது? சோம்பின் மணம் கொழுப்பில்தான் நன்றாகக் கரையும். கறி வேகும்போது உருகும் கொழுப்பு அந்த மணத்தை நாக்கெங்கும் கொண்டுபோகிறது. மேல்தோல் சிவந்து முறுகும்போது வாசனை இன்னும் கூடுகிறது. தம்மம்பட்டி வீடுகளில் நடப்பதும் இதேதான். சட்டியில் கறியைப் போட்டு மூடிவைத்தால் அதுவே எண்ணெய் விடும். அந்த எண்ணெயிலேயே சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கி, கடைசியில் இடித்த மிளகும் சோம்பும் விழுந்தால் தெருமுனை வரை மணக்கும்.

பன்றிக்கறி நமக்கு நேற்று வந்ததல்ல. குழியில் தனியே அடைத்துக் கொழுக்க வைத்த ஆண்பன்றியின் கறியைக் கள்ளோடு விருந்தாகப் பெறுவதைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. கறியைக் குடலில் அடைக்கும் பழக்கம் மட்டும் இங்கே பரவவில்லை. கறி மிஞ்சினால் நாம் உப்புக்கண்டம் போட்டோம். கோவாவில் போர்ச்சுக்கீசியர் வழியாக வந்த சொரீசோ, வினிகரும் மிளகாயும் ஏறிச் சிவந்து, பாவ் ரொட்டிக்குள் நுழைந்து தெருக்கடைப் பண்டமாகிவிட்டது. இத்தாலியன் சாண்ட்விச்சுக்கு இந்தியாவில் நெருங்கிய சொந்தம் அதுதான்.

இனி சத்துக் கணக்கு. வேகவைத்த இத்தாலியன் சாசேஜ் 100 கிராமில் சுமார் 340 கலோரி, 19 கிராம் புரதம், 27 கிராம் கொழுப்பு. சோடியம் 700 மில்லிகிராமுக்கு மேல். ரொட்டியையும் வதக்கிய காயையும் சேர்த்தால் ஒரு சாண்ட்விச் 600 கலோரியை நெருங்கும். ரொட்டியிலும் உப்பு உண்டு. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பாதி இந்த ஒரு சாண்ட்விச்சிலேயே தீர்ந்துவிடும்.

நல்ல பக்கமும் இருக்கிறது. இறைச்சி வகைகளில் பி1 வைட்டமின் பன்றிக்கறியில்தான் அதிகம். பட்டை தீட்டிய வெள்ளை அரிசியே கதி என்று இருப்பவர்களுக்குக் குறைவதும் இந்த பி1தான். கொழுப்பிலும் முழுக்கக் கெடுதல் இல்லை. பன்றிக் கொழுப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருப்பது கடலை எண்ணெயில் உள்ள அதே ஒலியிக் அமிலம். ஆனால் சுமார் 40 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அளவு மீறினால் ரத்தக் கொழுப்பைக் கூட்டுவது இந்தப் பங்குதான்.

கடைக்காரர் கேட்கும் கேள்விக்குப் பதில் இங்கே கிடைக்கிறது. இடுப்புப் பக்கத்துத் தனிக்கறியை வாங்கிச் சமைத்தால் 100 கிராமில் சுமார் 27 கிராம் புரதம், கொழுப்பு 10 கிராம் அளவில். கறியில் இயல்பாக உள்ள சோடியமும் சொற்பம். அதாவது உப்பு எவ்வளவு என்பது நம் கையில். சாசேஜில் அதை ஏற்கெனவே யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

2015 அக்டோபரில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிடுபவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சாப்பிடாதவர்களைவிட 18 சதவீதம் கூடுகிறது என்றது. தினமும் என்பதைக் கவனியுங்கள். எப்போதாவது ஒரு சாண்ட்விச் சாப்பிட்டவர் பதறத் தேவையில்லை. காலை டிபனுக்குத் தினமும் சாசேஜ் பொரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

பன்றிக்கறி என்றதும் எல்லோரும் கேட்பது நாடாப்புழு. தெருவில் திரிந்து மலம் தின்னும் பன்றியின் அரைவேக்காட்டுக் கறியில் அந்த ஆபத்து உண்டு. கொட்டிலில் தீவனம் போட்டு வளர்க்கும் வெண்பன்றியில் மிகக் குறைவு. கறி நன்றாக வெந்தால் புழுவும் சாகும். கொத்துக்கறி நடுப்பகுதி வரை 71 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தால் இன்னும் வேக விடுங்கள். மூளையைத் தாக்கி வலிப்பு வரவைப்பது புழுவின் முட்டை. அது மனித மலம் கலந்த தண்ணீர், கழுவாத காய்கறி, கழுவாத கை வழியாக வருவது. பன்றிக்கறியே தொடாதவர்களுக்கும் அது வரும்.

இத்தாலியன் சாசேஜின் ருசி வேண்டுமென்றால் குளிர்பெட்டிப் பாக்கெட்டைத் தேட வேண்டாம். கொழுப்புக் குறைந்த வெண்பன்றிக் கறி அரைக் கிலோ வாங்கி, கடையிலேயே கொத்தி வாங்குங்கள். வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்த சோம்பு, மிளகு, நசுக்கிய பூண்டு, மிளகாய்த் தூள், முக்கால் டீஸ்பூன் உப்பு சேர்த்துப் பிசைந்து ஒரு மணி நேரம் வையுங்கள். விரல் நீளத்துக்கு உருட்டி தோசைக்கல்லில் நிதானமாகச் சுட்டு, வதக்கிய வெங்காயம், குடைமிளகாயோடு பன்னில் வையுங்கள். கடைச் சாசேஜில் உள்ள உப்பில் பாதிதான் இதில் இருக்கும், ருசியில் குறை இருக்காது. பாக்கெட் சாசேஜ் வாங்கியே ஆக வேண்டுமென்றால், காசு கொடுக்கும் முன் பின்பக்கம் திருப்பி சோடியம் எவ்வளவு என்று படித்துவிடுங்கள்.

(தொடரும்)