கயிற்றை இழுக்கும் உரிமை

பலர் கூடிப் பணிபுரியும் இடம் எதுவாயினும் அங்குச் சிறு குறைகள் நாள்தோறும் தோன்றிக்கொண்டேயிருக்கும். அவற்றை முதலில் காண்பவர் மேலாளர் அல்லர்; வேலையைத் தம் கையால் செய்பவரே. கண்டதை அவர் சொல்கின்றாரா, சொன்னால் அவருக்கு என்ன நேர்கின்றது என்பனவற்றைப் பொறுத்தே ஒரு நிறுவனம் வளர்வதும் தேங்குவதும் அமைகின்றன எனக் கருதுகின்றோம். ஜப்பானியர் 'கைசென்' என வழங்கும் தொடர் மேம்பாட்டு முறையை இக்கருத்தின் வழிநின்று நோக்குவோம்.

இம்முறையின் பெயர் இன்று மோட்டார் வாகனத் தொழிலோடு இணைத்தே பேசப்படினும், இதன் வேர் தறியில் இருக்கின்றது. தச்சர் ஒருவரின் மகனாக 1867இல் பிறந்த சக்கிச்சி டொயோடா, தம் வாழ்நாள் முழுவதும் தறிகளைத் திருத்துவதிலேயே ஈடுபட்டவர். 1924இல் அவர் உருவாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்த உடனே தானே நின்றுவிடும். நூல் அறுந்த பின்னும் ஓடும் தறி பழுதான துணியையே நெய்து குவிக்கும் அல்லவா? அதனைத் தடுக்க முன்பெல்லாம் ஆள் ஒருவர் அருகிலேயே காவல் நிற்க வேண்டியிருந்தது. தறி தானே நிற்கக் கற்றபின், ஒருவரே பல தறிகளைக் கவனிப்பது எளிதாயிற்று. 1929இல் இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் நிறுவனம் பணம் கொடுத்து இத்தறியின் காப்புரிமையைப் பெற்றது. சக்கிச்சியின் மகன் கிச்சிரோ 1937இல் டொயோட்டா மோட்டார் நிறுவனத்தைத் தொடங்கினார்.

நூற்பாலையில் பணியாற்றிவிட்டு 1943இல் மோட்டார் நிறுவனத்திற்கு வந்த தைச்சி ஓனோ, தறிக்கிருந்த அவ்வுரிமையை மனிதர்க்கும் வழங்கினார். வாகனங்கள் வரிசையாக நகர்ந்து செல்லும் தடத்தின் மேலே ஒரு கயிறு கட்டப்பட்டிருக்கும். ஆணி சரியாகப் பொருந்தவில்லை என ஒரு தொழிலாளி கண்டால் கயிற்றை இழுப்பார், விளக்கு எரியும், குழுத்தலைவர் விரைந்து வருவார். அந்த வாகனம் தன் நிலையத்தின் எல்லையைக் கடப்பதற்குள் குறை தீர்ந்தால் தடம் நிற்பதில்லை, தீராவிடில் நிற்கும். அதன் பின்னர் 'இதனைச் செய்தவர் யார்?' என்று கேட்பதில்லை, 'ஏன்?' என்று ஐந்து முறை கேட்பர். ஓனோ ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றார். எந்திரம் நின்றது, மிகுபளுவால் உருகி எரிந்தது. தாங்கிக்கு எண்ணெய் போதாமையே மிகுபளுவிற்குக் காரணம். எண்ணெய் ஏற்றும் குழாய்ப்பொறி சரிவர இயங்காமையே எண்ணெய் போதாமைக்குக் காரணம். அதன் தண்டு தேய்ந்தமையே அதற்குக் காரணம். வடிகட்டி இல்லாமையால் உலோகத் துகள் புகுந்ததே தேய்விற்குக் காரணம். முதல் விடையோடு நின்றிருந்தால் உருகியை மாற்றிவிட்டு, சில நாளில் மீண்டும் மாற்றியிருப்பர்.

ஈண்டு நம் மொழி வழக்கு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். 'குறை சொல்கிறான்' என்றால் தமிழில் அது பெரும்பாலும் பழிச்சொல்லே. குறையைச் சொன்னவனையே குறையுடையவனாகக் கருதும் மனம் நம் அலுவலகங்களிலும், ஏன், நம் வகுப்பறைகளிலும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

1988இல் ஆங்கிலத்தில் இவ்வுற்பத்தி முறைக்கு 'லீன்' என்னும் பெயர் இடப்பட்டது. அதனை 'மெலிந்த' எனப் பெயர்த்தால் நோயுற்றது போல் தோன்றும். 'வீணற்ற' என்பதே பொருந்தும். காத்திருத்தல், தேவைக்கு மேல் செய்து குவித்தல், பொருளை இங்குமங்கும் சுமத்தல் முதலியன வீண் எனப்படும்.

இம்முறை ஜப்பானியர்க்கே உரியது, பிறர்க்கு ஒவ்வாது என்று கூறியோர் பலர். அதற்கு விடை அமெரிக்காவில் கிடைத்தது. கலிபோர்னியாவின் ஃபிரிமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய ஆலை, வேலைக்கு வராமையாலும் ஓயாத பூசலாலும் பெயர் கெட்டு 1982இல் மூடப்பட்டது. டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் இணைந்து 1984இல் அதே ஆலையைத் திறந்தன. பழைய தொழிலாளரே பெரும்பாலும் மீண்டும் அமர்த்தப்பட்டனர், தொழிற்சங்கமும் பழையதே. அவர்களுள் நூற்றுக்கணக்கானோர் ஜப்பான் சென்று பயின்று வந்தனர். சில ஆண்டுகளில் அவ்வாலை ஜெனரல் மோட்டார்ஸின் ஆலைகளிலேயே தரத்தில் முன்னணியில் நின்றது.

கயிறு மட்டுமே இம்மாற்றத்தை விளைவித்தது எனல் பிழையாகும். 1980களின் பிற்பகுதியில் விற்பனை சரிந்தபோது அங்கு ஒருவரும் வேலைநீக்கம் செய்யப்படவில்லை. மிகுதியான ஆட்கள் பயிற்சிக்கும் மேம்பாட்டுப் பணிக்கும் அனுப்பப்பட்டனர். பத்துப் பேர் செய்யும் வேலையை ஒன்பது பேர் செய்யும் வழியை, பத்தாமவர் தாமாகிவிடக்கூடும் என அஞ்சுபவர் எங்ஙனம் சொல்வார்? மேம்பாடு பேசும் பல நிறுவனங்கள் இவ்விடத்தில்தான் இடறுகின்றன. கயிறும் விளக்கும் எவரும் வாங்கலாம். அச்சமின்மை கடையில் கிடைப்பதன்று. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வேன் நைஸ் பகுதியில் இருந்த தன் ஆலையிலும் ஜெனரல் மோட்டார்ஸ் இக்குழுமுறையைப் புகுத்தியது. தொழிலாளரிடையே அது பிளவை விளைத்தது. 1992இல் அவ்வாலை மூடப்பட்டது.

மறுபக்கமும் உண்டு. வீணை நீக்குகிறோம் என்று மனிதர் மூச்சுவிடும் நேரத்தையும் நீக்கிவிடுவதாகத் தொழிற்சங்கத்தினர் சிலர் குற்றஞ்சாட்டினர். ஃபிரிமான்ட்டில் முன்பு நிமிடத்திற்குச் சுமார் 45 நொடி இயங்கிய கைகள் பின்னர் 57 நொடி இயங்கின என்பர். இக்குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது. எனினும், ஒவ்வொரு வேலையின் ஒழுங்கையும் அத்தொழிலாளரே எழுதி, அவரே திருத்தும் உரிமை பெற்றிருந்தமையால் அச்சுமை பலர்க்குத் தாங்கக்கூடியதாயிற்று எனலாம்.

இத்தகைய பண்பு ஒருமுறை அமைந்தால் என்றும் நிலைக்கும் என எண்ணுதற்கும் இடமில்லை. பழுதுக்காகப் பல இலட்சம் வாகனங்களைத் திரும்பப் பெற நேர்ந்தபோது, 2010 பிப்ரவரியில் டொயோட்டாவின் தலைவர் அக்கியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நின்றார். மக்களையும் அமைப்பையும் வளர்க்கும் வேகத்தைத் தம் நிறுவனத்தின் வளர்ச்சி வேகம் விஞ்சிவிட்டது என அவர் ஒப்புக்கொண்டார். கூட்டாளியான ஜெனரல் மோட்டார்ஸ் முந்தைய ஆண்டே விலகிவிட்டமையால், அவ்வாண்டு ஏப்ரலில் ஃபிரிமான்ட் ஆலையிலும் கடைசி வாகனம் தடத்தைவிட்டு இறங்கியது. சில வாரங்களில் அக்கட்டடத்தை டெஸ்லா நிறுவனம் வாங்க முன்வந்தது.