முந்நூற்று நாலும் முதியோரும்

மாத்தளையிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியிலே, அலுவிகாரையைக் கடந்து வடக்கே சென்றால் பலாபத்வல என்னும் ஊர் வரும். மிளகும் கொக்கோவும் விளையும் பூமி அது. இத்தகைய ஊர்களில் இளையோர் தொழில் தேடிக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனபின், வீட்டிலிருக்கும் முதியவர்களுக்குப் பகற்பொழுது மிக நீண்டு விடுகின்றது. அப்பொழுதை நால்வர் கூடிக் கடதாசி விளையாடிக் கழித்தால், "இந்த வயதிலும் சூதா?" என்று வீட்டார் முகஞ் சுளிப்பதுண்டு. அந்தக் கோபம் நியாயமானதுதானா?

பணயம் வைத்தால் அது சூது. அதற்காக வாதாட நான் வரவில்லை. ஆனால் நம் நாட்டுத் தமிழர் விரும்பி ஆடும் முந்நூற்று நாலுக்கும், சிங்கள மக்கள் சித்திரைப் புத்தாண்டிலே ஆடும் ஓமிக்கும் பணம் வேண்டுவதில்லை. இரண்டுக்கும் 32 சீட்டுகளே போதும்; நால்வர், இருவர் இருவராகக் கட்சி சேர்ந்து ஆடுவர். சிங்களத்தில் வழங்கும் இஸ்கோப்ப, ஹாரத, ருயித, கலாபர என்னும் சீட்டுப் பெயர்கள் ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை.

முந்நூற்று நாலின் கணக்கைச் சற்றுப் பாருங்கள். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓரினத்துக்கு 76 ஆக, நான்கினத்துக்கும் 304. இராசாவைச் சாதாரண ஒன்பது வெல்லும் விந்தை இவ்வாட்டத்தில் உண்டு! துரும்பைத் தெரிந்தவர் அதைக் கவிழ்த்து மறைத்து வைப்பார். அது எவ்வினம், எந்தச் சீட்டுகள் விழுந்துவிட்டன, கூட்டாளியின் கையில் எஞ்சியிருப்பது யாது என்று ஒவ்வொரு பிடியிலும் மனம் கணக்கிட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும்.

இந்த உழைப்பு மூளைக்கு நன்மை தருமா? 75 வயதைக் கடந்த 469 பேரை நியூயோர்க் நகரில் ஆண்டுக்கணக்காகக் கவனித்த ஆய்வொன்று 2003ஆம் ஆண்டு வெளியாயிற்று. வாசிப்பு, இசைக்கருவி வாசித்தல், நடனம் ஆகியவற்றோடு சீட்டு, பலகை விளையாட்டுகளிலும் ஈடுபட்டோரிடையே மறதி நோய் குறைவாகவே காணப்பட்டது. ஆயினும் அவசரப்படலாகாது. நோய் அரும்புங்காலத்தில் மனிதர் தாமே விளையாட்டைக் கைவிட்டு விடுவதும் உண்டு. ஆகவே சீட்டை மருந்தென்று சொல்ல இயலாது.

எனக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. நான்காமவர் வராவிட்டால் ஆட்டம் தொடங்காது. நாலு மணிக்கு ஒருவர் வரவில்லையென்றால் மற்றவர்கள் ஆளனுப்பி விசாரிப்பார்கள். காய்ச்சலோ, விழுந்துவிட்டாரோ என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். மனைவியை இழந்து தனியே இருப்பவரை இன்னொரு வீட்டில் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள் என்பது சிறிய காரியமா?

சில எச்சரிக்கைகள் உண்டு. மணிக்கணக்காகச் சம்மணமிட்டிருந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். இரண்டு ஆட்டத்துக்கொருமுறை எழுந்து நடக்க வேண்டும். கண் மங்கியவருக்குப் பெரிய எழுத்துச் சீட்டு நல்லது. பாட்டிமாரை இந்தக் கூட்டத்தில் நாம் காண்பதே அரிது. சமையலறைக் கணக்கை ஐம்பதாண்டு மனத்திலேயே வைத்திருந்தவர்களுக்கு 304 வரை எண்ணுவது எம்மட்டு? ஓமி இன்னும் எளிது. அவர்களுக்கு அதிலிருந்து தொடங்கலாம்.