அலறாத அலாரம்... 350 ரூபாயில் சரிசெய்யலாம்!

‘என்னிடம் பழைய பொலிரோ பிக்கப் வண்டி இருக்கிறது. காய்கறி ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகத்தான் வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் வெளிக்கடையில் அலாரம் பொருத்தியிருந்தார். மூன்று மாதத்துக்கு முன்பு, நள்ளிரவில் காரணமே இல்லாமல் சைரன் அலற ஆரம்பித்தது. தொல்லை தாங்காமல் வயரைப் பிடுங்கிவிட்டேன். போன மாதம் தோட்டத்தில் நிறுத்தியிருந்தபோது பேட்டரியைக் கழற்றிப் போய்விட்டார்கள். விடியற்காலையில் வண்டி கிளம்பவில்லை. பறித்து வைத்த தக்காளி அன்றைக்கு மார்க்கெட் போகவில்லை. கடையில் கேட்டால், அலாரம் செட்டையே மாற்ற வேண்டும், 4,500 ரூபாய் என்கிறார்கள். வேறு வழி இருக்கிறதா?’

வேடசந்தூர் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கடிதத்தைப் படித்ததும், 20 வருடமாக லோடு வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கையோடு அழைத்துக்கொண்டு அவர் தோட்டத்துக்கே போனோம்.

பானெட்டைத் திறந்து பார்த்ததுமே சிரித்துவிட்டார் எலக்ட்ரீஷியன். “அண்ணே, இது சாவி போடுற சைரன். உள்ளேயே சின்ன பேட்டரி இருக்கும். திருடன் வண்டி பேட்டரிய அத்துவிட்டாலும் இது கத்தணும்னு வெச்சிருக்காங்க. அஞ்சாறு வருசத்துல அந்தச் சின்ன பேட்டரி செத்துக் கசிஞ்சிரும். கசிவு போர்டுல இறங்குச்சுன்னா பைத்தியம் பிடிச்ச மாதிரி தானாவே கத்தும். செட்டு மேல தப்பில்ல” என்றார். பிரித்துப் பார்த்தால், உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது.

சைரன் போய்விட்டது, சரி. செட் நன்றாக இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கு அவர் எடுத்தது ஹோல்டரோடு கூடிய 21 வாட் இன்டிகேட்டர் பல்பு ஒன்று. செட்டிலிருந்து சைரனுக்கு வரும் வயரை பல்பின் ஒரு முனையிலும், எர்த் வயரை மறுமுனையிலும் கொடுத்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு, ரிமோட்டால் கதவைப் பூட்டினார். அரை நிமிடம் கழித்து உள்ளே கைவிட்டுக் கதவைத் திறந்தார். பல்பு எரிந்தது, ஆனால் மின்மினி போல.

“மீட்டர் வெச்சா 12 வோல்ட் காட்டும். ஏமாந்துருவோம்” என்றார். நம் பம்புசெட்டில் லூஸ் கனெக்‌ஷன் இருந்தாலும் டெஸ்டர் எரியுமே, அதே கதைதான். லோடு கொடுத்தால்தான் வயரின் யோக்கியதை தெரியும். இங்கே எர்த் போல்ட் துருவேறியிருந்தது. யூரியா மூட்டை ஏற்றுகிற வண்டிகளில் இது சாதாரணம். சிந்திய உரம் ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் தின்றுவிடும். உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, புது லக் வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் தடவினார். பல்பு பளிச்சென்று எரிந்தது. செட்டை மாற்றத் தேவையே இல்லை.

புதிதாக வாங்கியது சாதாரண இரண்டு வயர் சைரன். 12 வோல்ட், 20 வாட். திண்டுக்கல்லில் 350 ரூபாய். (லாரிகளுக்கான 24 வோல்ட் சைரனும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், பார்த்து வாங்குங்கள்.) பழைய சைரனுக்கு மூன்று வயர்கள் வந்தன. அதில் நேராக பேட்டரியிலிருந்து வரும் வயர் இனி தேவையில்லை. அதன் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, முனையை இன்சுலேஷன் செய்து ஓரம் கட்டினார். செட்டிலிருந்து வரும் வயர் புதுச் சைரனின் சிவப்புக்கு, கறுப்பு எர்த்துக்கு. இரண்டு இணைப்பையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஸ்லீவ் மாட்டினார். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் ஒரு மழைக்காலம் தாங்காது.

சைரனின் வாய் தரையைப் பார்த்து இருக்க வேண்டும். மேலே பார்த்தால் வண்டி கழுவும்போதே தண்ணீர் நிறைந்துவிடும். சைலன்ஸர் சூடு படாத இடமாகவும் இருக்க வேண்டும். வயரை நெளிவுக் குழாய்க்குள் விட்டது எலிக்காக. குழாய் போட்டாலும் எலி கடிக்கத்தான் செய்யும், கொஞ்சம் தாமதமாகக் கடிக்கும், அவ்வளவுதான்.

இத்தோடு முடிந்தது என்று கிளம்பப் பார்த்தோம். எலக்ட்ரீஷியன் விடவில்லை. “பேட்டரிதானே திருடுபோச்சு? பானெட்டத் தொறந்தா கத்துமான்னு பாருங்க” என்றார். பூட்டிவிட்டு பானெட்டைத் திறந்தோம். சத்தமே இல்லை. கதவுக்கு மட்டும்தான் இணைப்பு இருந்தது. பானெட்டுக்கு ஸ்விட்சே வைக்கவில்லை. சைரன் நன்றாக இருந்திருந்தாலும் அன்றைக்கு அந்த பேட்டரி போயிருக்கும்! 60 ரூபாய்க்கு ஒரு பின் ஸ்விட்ச் வாங்கி மாட்டியதும்தான் தோட்டமே அதிர்ந்தது. பட்டியில் கட்டியிருந்த எருமை கயிற்றை அறுக்கப் பார்த்தது.

ஒரு குறையைச் சொல்லிவிட வேண்டும். பேட்டரி வயரை வெட்டினால் இந்த இரண்டு வயர் சைரன் அடங்கிவிடும். ஆனால், பானெட் திறந்த நொடியிலிருந்து வெட்டும் வரை அலறும். ஆளில்லாத காட்டில் வண்டி நிற்குமானால், கூடுதல் விலை கொடுத்து உள்பேட்டரி வைத்ததே வாங்குங்கள். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் வண்டிக்கு இது போதும்.

அந்த 350-ம் கையில் இல்லையென்றால், வண்டி ஹாரனையே அலறவிடலாம். ஆனால், செட்டின் வயரை நேராக ஹாரனில் கொடுக்காதீர்கள். ஹாரன் இழுக்கிற கரன்ட்டில் செட் கருகிவிடும். நடுவில் ஒரு ரிலே கட்டாயம். சிலர் சைரனுக்குத் தனி ஸ்விட்ச் வைத்து, சாலையில் வழிவிடச் சொல்லி அடிக்கிறார்கள். அது சட்டப்படி தவறு, அபராதம் விழும். கம்பெனியிலேயே பொருத்தி வந்த அலாரம் என்றால் இந்த பல்பு வைத்தியம் எதுவும் வேண்டாம். அதன் வயரிங் வேறு. சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.

‘டிராக்டருக்கும் வைக்கலாமா?’ என்று இதே கடிதத்தின் பின்பக்கத்தில் கேட்டிருக்கிறார் வாசகர். டிராக்டரும் 12 வோல்ட்தான். ஆனால், திறந்த வண்டிக்கு அலாரம் செட் சரிப்படாது. பேட்டரி பெட்டிக்கு நல்ல பூட்டும், அதன் மூடியில் இதே பின் ஸ்விட்ச்சோடு ஒரு சைரனும், நீங்கள் மட்டும் அறிந்த இடத்தில் அதை நிறுத்த ஒரு ஸ்விட்ச்சும் போதும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ் வைக்க மறக்காதீர்கள்.

கழற்றிய பழைய சைரனை வாசகர் மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் போட்டிருந்தார். கசிந்த பேட்டரியை மாடு நக்கினால் ஆபத்து என்று எலக்ட்ரீஷியனே அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.