இசைத்தட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே ஒரு சின்னப் பெட்டி

கரோசெல்லில் பழைய டர்ன்டேபிள் ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரும் இளையர் பலருக்கு முதல் நாளே ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். கம்பிகளை ஸ்பீக்கரில் செருகி, ஊசியைத் தட்டின்மேல் வைத்தால் பாட்டு கேட்கத்தான் செய்யும். ஆனால் பக்கத்து வீட்டு வானொலி சுவரைத் தாண்டி வருவதுபோல் மெல்லியதாக, தகரத்தைத் தட்டினாற்போல் கேட்கும். ஒலியைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடுமே தவிர, தபேலாவின் கனமோ பேஸ் கிட்டாரோ வராது. டர்ன்டேபிள் பழுது என்று முடிவுகட்டி அதைத் திரும்ப விற்றுவிடுபவர்களும் உண்டு. பெரும்பாலும் அதில் பழுது எதுவும் இருக்காது. இடையில் இருக்கவேண்டிய ஃபோனோ ப்ரீஆம்ப் என்ற பெட்டி இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெட்டியைத் தேடத் தொடங்கினால் அடுத்த குழப்பம். ஐம்பது வெள்ளிக்கும் கிடைக்கிறது, ஐயாயிரம் வெள்ளிக்கும் கிடைக்கிறது. பகுதிநேர வேலையில் மணிக்கணக்கில் நின்று சம்பாதித்த காசு இது. அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாணவர்களில் பலருக்குத் தனியாக ஒரு ப்ரீஆம்ப் தேவையே இல்லை. தேவைப்படுபவர்களுக்கும் எளிய ஒன்றே போதும். மிச்சப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

இந்தப் பெட்டி செய்யும் வேலை இரண்டு. அவற்றில் சுவையானது முதலாவது. இசைத்தட்டில் பாட்டு உள்ளது உள்ளபடியே பதிவாவதில்லை. கனமான, தாழ்ந்த ஒலிகளை அப்படியே வெட்டினால் பள்ளம் இடமும் வலமும் அகலமாக அலையும். ஊசி துள்ளும், ஒரு பக்கத்தில் அடங்கும் பாடல்களும் குறையும். கூர்மையான ஒலிகளுக்கோ நேர்மாறான சிக்கல்: அவற்றின் அசைவு மிகச் சிறியது என்பதால் தட்டின் சொந்தச் சரசரப்பில் அவை மூழ்கிப்போகும். ஆகவே தட்டு வெட்டும்போதே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, கூர்மையானவற்றைக் கூட்டிப் பதிகிறார்கள். ஆயிரம் ஹெர்ட்ஸை நடுப்புள்ளியாகக் கொண்டால், 20 ஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. 20,000 ஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ பத்து மடங்காகக் கூடுகிறது. பட்டுப்புடவையை மடித்துப் பெட்டியில் வைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டும்போது மடிப்பைப் பிரித்தாக வேண்டும். ப்ரீஆம்ப் அந்தக் கணக்கை அப்படியே திருப்பிப் போடுகிறது. தாழ்ந்த ஒலி மேலே வருகிறது. கூர்மையான ஒலி கீழே இறங்கும்போது தட்டின் சரசரப்பையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. மிக அழகான ஏற்பாடு இது.

ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கணக்கு வைத்திருந்தது. 1954ல் அமெரிக்க இசைப்பதிவுத் துறைச் சங்கம் ஒரே அளவை வகுத்தது. அச்சங்கத்தின் பெயராலேயே அது ஆர்ஐஏஏ வளைவு என்று அழைக்கப்படுகிறது. ஐம்பது வெள்ளிப் பெட்டியும் ஐயாயிரம் வெள்ளிப் பெட்டியும் பின்பற்றும் வளைவு இது ஒன்றுதான்.

இரண்டாவது வேலை, பெருக்கம். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் தரும் மின்னழுத்தம் மிகச் சிறியது. மாணவர்கள் பலர் வைத்திருக்கும் ஆடியோ டெக்னிகா விஎம்95இ தருவது 4 மில்லிவோல்ட். ஆம்ப்ளிஃபையர் எதிர்பார்ப்பதோ அதைப்போல் நூறு மடங்கு. அந்த நூறு மடங்கைத்தான் பெட்டியின் விவரத்தில் 40 டெசிபல் என்று போடுகிறார்கள். இது மூவிங் மேக்னட் வகைக்கான கணக்கு. மூவிங் காயில் என்ற விலைகூடிய வகைக்கு ஆயிரம் மடங்கு வரை தேவைப்படலாம். நம் வயதில் வாங்கும் டர்ன்டேபிள் அநேகமாக எல்லாமே முதல் வகைதான். ஆகவே இரண்டு வகைக்கும் பொருந்தும் என்பதற்காக ஒரு பெட்டிக்குக் கூடுதல் காசு கொடுக்கவேண்டியதில்லை.

வாங்கும்முன் உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆடியோ டெக்னிகாவின் எல்பி60எக்ஸ், எல்பி120எக்ஸ்யூஎஸ்பி இரண்டிலும் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது. ஃபோனோ, லைன் என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். ரேகா பிளானர் 1, புரோஜெக்ட் டெபு கார்பன் ஆகியவற்றில் கிடையாது. வீட்டில் அப்பாவோ மாமாவோ வாங்கிய எழுபது, எண்பதுகளின் ஆம்ப்ளிஃபையர் தூங்கிக்கொண்டிருந்தால் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். ஃபோனோ என்று எழுதிய துளைகள் இருந்தால் ப்ரீஆம்ப் அதற்குள்ளேயே இருக்கிறது. மின்சாரத்தில் இயங்கும் சில ஸ்பீக்கர்களிலும் இந்த வசதி உண்டு. ஒன்று மட்டும் கவனம்: இரண்டு ப்ரீஆம்ப் ஒன்றன்பின் ஒன்றாக வரக்கூடாது. வந்தால் கனமான ஒலி வீங்கி, பாட்டு கிழிந்து கேட்கும். தனிப்பெட்டி வைத்தால் டர்ன்டேபிள் சுவிட்சை ஃபோனோவில் விடுங்கள், இல்லையென்றால் லைனில்.

உள்ளே இருக்கும் மலிவான ப்ரீஆம்ப் மோசம் என்பார்கள். என் அண்ணனும் நானும் ஒரு மாலை இதைச் சோதித்தோம். ஒரே தட்டு, ஒரே ஊசி. உள்ளே இருப்பதையும் இரவல் வாங்கிய வெளிப்பெட்டியையும் அவன் மாற்றி மாற்றி இணைக்க, நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து எது எதுவென்று சொன்னேன். இரண்டின் ஒலியளவையும் முன்கூட்டியே சமமாக வைத்துக்கொண்டோம். அது முக்கியம், சற்று உரக்கக் கேட்பது எதுவானாலும் காதுக்கு நல்லதாகவே படும். பத்தில் ஆறு முறை சரியாகச் சொன்னேன். நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் ஏறத்தாழ அதே மதிப்பெண்தான். ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே ஹெட்ஃபோனில் கேட்டபோது வெளிப்பெட்டியில் இரைச்சல் குறைவு என்பது தெளிவாகத் தெரிந்தது. நள்ளிரவில் ஹெட்ஃபோனில் கேட்பவர் என்றால் அந்த வேறுபாட்டுக்குக் காசு கொடுக்கலாம். சாப்பிடும்போது பின்னணியில் ஓடவிடுபவருக்கு வேண்டாம்.

தனிப்பெட்டி கட்டாயம் தேவை என்றால் கைக்கு அடக்கமான சில பெயர்கள்: மிக மலிவில் பெரிங்கர் பிபி400, அதற்கு மேலே ஏஆர்டி டிஜே ப்ரீ 2, இன்னும் மேலே ஷீட் மானி 2, தட்டைக் கணினியில் பதிவுசெய்ய யூஎஸ்பி வசதியுள்ள ரேகா ஃபோனோ மினி. என் தேர்வு ஏஆர்டி. பார்க்க அழகில்லாத தகரப்பெட்டி. ஆனால் அதில் மூன்று வசதிகள் இருக்கின்றன. பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. மிகத் தாழ்ந்த அதிர்வுகளை வெட்ட ஒரு சுவிட்ச். வெப்பமான அலமாரியில் பல ஆண்டுகள் சாய்ந்து கிடந்து வளைந்துபோன தட்டுகளுக்கு இது கைகொடுக்கும், ஸ்பீக்கர் தாள் பாட்டே இல்லாமல் உள்ளும் வெளியும் ஆடுவது நிற்கும். மூன்றாவது, கெப்பாசிட்டன்ஸை 100, 200 பிக்கோஃபராட் என்று மாற்றும் வசதி. இயற்பியல் வகுப்பில் இது எங்கே உதவப்போகிறது என்று கேட்டோமே, இதோ இங்கே. விஎம்95இ எதிர்பார்ப்பது 100 முதல் 200 வரை. இணைப்புக் கம்பியும் தன் பங்குக்குச் சேர்க்கும். அளவு மிஞ்சினால் பாடகரின் ‘ச’ எழுத்துகள் சீறத் தொடங்கும். ஆகவே கம்பி குட்டையாக இருக்கட்டும், சுவிட்ச் நூறில் இருக்கட்டும்.

‘ம்ம்ம்’ என்ற தொடர் உறுமல் கேட்டால் பெட்டியைக் குறைசொல்லுமுன் டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் கம்பியைப் பாருங்கள். பெட்டியின் திருகில் அதை இறுக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியும் நிற்கவில்லையென்றால் ப்ரீஆம்பை ஆம்ப்ளிஃபையரின் தலைமேல் வைக்காமல் தள்ளிவையுங்கள்.

மிச்சப் பணத்தை நான் ஊசிக்குத்தான் செலவிடுவேன். தாத்தா சிறிய வீட்டுக்கு மாறியபோது, குப்பைக்குப் போகவிருந்த ஓர் அட்டைப்பெட்டி என் கைக்கு வந்தது. எக்கோ நிறுவனம் வெளியிட்ட இளையராஜா தட்டுகள், எச்எம்வியின் எம்.எஸ்.விஸ்வநாதன் தட்டுகள், உறையின் மூலையில் தாத்தாவின் கையெழுத்தும் வாங்கிய தேதியும். தேய்ந்த ஊசி இந்தத் தட்டுகளின் பள்ளத்தைச் சுரண்டிவிடும். எவ்வளவு விலையுயர்ந்த ப்ரீஆம்பும் அதை மீட்டுத் தராது. விஎம்95 வரிசையில் ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம். நாளைக்கு வசதி வரும்போது அதே கார்ட்ரிட்ஜில் இன்னும் நுண்ணிய ஊசியையும் பொருத்தலாம். கூடவே ஊசியின் எடையைப் பார்க்கும் சிறு மின்னிலக்கத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விஎம்95இக்கு 2 கிராம். குறைந்தாலும் கூடினாலும் அடி வாங்குவது தட்டுதான்.

அப்படியொரு பெட்டியில் கனமான, சட்டென உடையும் 78 சுழற்சித் தட்டுகளும் இருந்தால் அவற்றை இந்த ஊசியில் வைக்காதீர்கள். அவற்றின் பள்ளம் அகலமானது, வேறு ஊசி தேவை. ஆர்ஐஏஏ வளைவுக்கு முந்தியவை என்றால் கணக்கும் பொருந்தாது.

கேட்டுப் பார்த்து வாங்க விரும்புவோர் சிட்டி ஹால் பெருவிரைவு ரயில் நிலையத்துக்கு அருகே, கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கட்டடத்துக்குப் போகலாம். ஒலிச்சாதனக் கடைகள் அங்கே வரிசையாக உள்ளன. உங்கள் தட்டு ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பழையதாக வாங்குகிறீர்கள் என்றால் பவர் அடாப்டரும் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். ஜப்பானிலிருந்து வந்த பொருள் 100 வோல்ட்டுக்கானது; நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகக்கூடாது. சில பெட்டிகளுக்கு டிசி, சிலவற்றுக்கு ஏசி அடாப்டர் வேண்டும். முனை பொருந்துகிறதே என்று வீட்டில் கிடக்கும் ஏதோ ஒன்றைச் செருகாமல், பெட்டியின் அடியில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.